தலை குனிந்த சில்லை, தலை நிமிர்ந்த சில்லை

சம்பா அறுவடை முடிந்த களத்தில் இரண்டு விதமான நெல்லுக்குருவிகள் இறங்குகின்றன, ஒன்று ஆண், மற்றது பெண்ணா என்று திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இல்லை, அவை இரண்டும் வேறு வேறு இனம். நெல்லுக்குருவி என்று நாம் சொல்லும் சில்லைகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மார்பில் மீன்செதில் போலக் கோடு இருந்தால் புள்ளிச் சில்லை. தலை கறுத்து, முதுகு செம்பழுப்பாக, வயிற்றின் இருபுறமும் வெள்ளையாக இருந்தால் கருந்தலைச் சில்லை. இது வாய்க்காலோர நாணலையும் சம்பையும் அதிகம் நாடும். இளம்பறவைகளிடம்தான் ஏமாந்துபோவோம். இரண்டிலும் அவை வெறும் பழுப்பு நிறம்.

புள்ளிச் சில்லை இரை தேடும் விதம் ஓர் அதிசயம். தத்தும்போது சில பறவைகளின் அலகு தரையை நோக்கியே இருக்கும். அவை தேடுகின்றன. வேறு சில தலையை நிமிர்த்தியே தத்தும். அவை தேடுவது விதையை அல்ல, விதை கண்ட பறவையை! கண்டதும் பங்குக்கு ஓடிவரும். எல்லாமே பங்குக்கு நின்றால் தேட ஆளிருக்காது, பங்கும் கிடைக்காது; உடனே சில தலை குனியும். தேடுபவை பெருகினால் பங்குக்கு வருவது லாபம். சில தலை நிமிரும். இப்படிக் கூட்டம் தானாக ஒரு சமநிலைக்கு வந்துவிடுகிறது. கனடாவின் மான்ட்ரியலில் விலங்கு நடத்தை ஆய்வாளர் லுக்-அலெய்ன் ஜிரால்டோவின் குழு, நூலை இழுத்தால் விதை விழும் கூண்டில் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டது. தேடுபவை எத்தனை, பங்குக்கு வருபவை எத்தனை என்று கணக்கு முன்கூட்டிச் சொன்ன விகிதத்தை நோக்கியே பறவைகள் நகர்ந்தன.

விதை கிடக்கும் விதமும் விகிதத்தை மாற்றும். வரப்பில் புல்விதை ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்தால், மற்றவை வருவதற்குள் கண்ட பறவையே தின்றுவிடும், தேடுவதுதான் லாபம். மூட்டை கட்டும்போது சிந்திய கைப்பிடி நெல் ஒரே இடத்தில் கிடந்தால் ஓடி வருபவற்றுக்கும் மிஞ்சும். தலை நிமிர்ந்தவை கூடும்.

நம் ஊர்ப் பறவையின் கணக்கை மான்ட்ரியலில் போட வேண்டியிருந்தது எனக்கு ஆதங்கம்தான். டெல்டாவின் கல்லூரிகளுக்குச் சிறு நிதி கொடுத்தாலே மாணவர்கள் இதைக் களத்திலேயே அளப்பார்கள்.

நீங்களும் எண்ணலாம். இருபது அடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து, ஒரு பறவையை ஒரு நிமிடம் மட்டும் பின்தொடருங்கள். தத்தும் நொடியில் தலை எப்படி இருக்கிறது என்று மட்டும் குறியுங்கள். நின்றபடி நிமிர்ந்து பார்ப்பதைச் சேர்த்தால் கணக்கு கெடும். அது வல்லூறுக்கு அஞ்சிப் பார்ப்பதாக இருக்கலாம். களத்து நெல் தீர்ந்த பிறகு வரப்பில் மறுபடி எண்ணுங்கள்.