சட்டையில் குத்திய கடிகாரம் ஏன் 12.44 காட்டியது?

1896 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் சிலர் சட்டையில் கடிகாரம் குத்திக்கொண்டு திரிந்தார்கள். ஓடுகிற கடிகாரம் இல்லை, வட்டமான பேட்ஜில் அச்சடித்த படம். முட்கள் 12 மணி 44 நிமிடத்தில் நின்றன. ஒரு மணி அடிக்கப் பதினாறு நிமிடம் பாக்கி. ஆங்கிலத்தில் அந்த நேரத்தைச் சொன்னால் ‘சிக்ஸ்டீன் டு ஒன்’. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் கோஷமும் அதுவேதான். 16 அவுன்ஸ் வெள்ளிக்கு 1 அவுன்ஸ் தங்கம் என்று விகிதம் வைத்து, அரசு தடையில்லாமல் வெள்ளி நாணயம் அடிக்க வேண்டும் என்றார் அவர். சந்தையில் அப்போது 1 அவுன்ஸ் தங்கத்துக்கு ஏறக்குறைய 30 அவுன்ஸ் வெள்ளி கிடைத்தது. அவர் சொன்னபடி நடந்திருந்தால் புழக்கத்தில் பணம் பெருகியிருக்கும், விளைபொருள் விலை ஏறியிருக்கும், விவசாயிகளின் கடன் பாரமும் குறைந்திருக்கும். இத்தனை பொருளாதாரமும் ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு தகரத்தில் அடங்கிவிட்டது.

எதிரணியில் வில்லியம் மெக்கின்லி. அவர் தங்கத்தின் பக்கம். தங்கத்தை ஆதரித்தவர்களைத் ‘தங்க வண்டு’ என்று கேலி செய்வது அன்றைய வழக்கம். அவர்களோ சளைக்காமல் அந்தப் பட்டத்தையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். தங்க நிறத்தில் ஒரு வண்டு, அதில் ஒரு குட்டி விசை. தட்டினால் சிறகுகள் படக்கென்று விரியும். ஒரு சிறகில் மெக்கின்லி படம், மறு சிறகில் துணை அதிபர் வேட்பாளர் கேரட் ஹோபார்ட் படம். பிரையன் கட்சிக்காரர்களும் விடவில்லை, வெள்ளி நிற வண்டு செய்துகொண்டார்கள். வண்டின் பொறி அழகுதான். ஆனால் சாமர்த்தியத்துக்கு ஓட்டுப் போடச் சொன்னால் என் ஓட்டு கடிகாரம் வரைந்தவருக்கே.

இவ்வளவு விளையாட்டும் அந்த ஒரு தேர்தலில் வந்து குவிந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பும் தலைவர்களைச் சட்டையில் சுமந்திருக்கிறார்கள். 1789-ல் வாஷிங்டன் பதவியேற்றபோது பித்தளைப் பொத்தான்களைக் கோட்டில் தைத்துக்கொண்டார்கள். 1860-ல் லிங்கனின் நிஜப் புகைப்படத்தையே மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்து, பித்தளைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். திருப்பினால் மறுபக்கம் துணை வேட்பாளர் ஹானிபல் ஹாம்லின். பார்க்க அருமை, ஆனால் ஒவ்வொன்றும் தனியாக எடுத்த புகைப்படம் என்பதால் லட்சக்கணக்கில் செய்ய வழியில்லை. வண்ணத்தில் அச்சடித்த காகிதத்தை மலிவாகச் சட்டையில் குத்த வேண்டுமானால், அது கசங்காமலும் நனையாமலும் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு போர்வை வேண்டும்.

அந்தப் போர்வைதான் செல்லுலாய்ட். ஜான் வெஸ்லி ஹயாட் தன் சகோதரரோடு சேர்ந்து பக்குவப்படுத்திய பிளாஸ்டிக். 1870-களின் தொடக்கத்தில் அவர்கள் தொழிற்சாலை நியூஜெர்சியின் நியூவார்க் நகருக்கு இடம் மாறியது. அதே நியூவார்க்கில் 1892-ல் தொடங்கியது ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம். பேட்ஜ் வரலாற்றில் இதைவிடப் பெரிய பெயர் கிடையாது. துணி போர்த்திய பொத்தானின் மேல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் ஏட்டை இழுத்து மூடும் யோசனை, பாஸ்டனைச் சேர்ந்த அமண்டா லூஜி என்ற பெண்மணியுடையது. அவருடைய காப்புரிமையை வாங்கிய நிறுவனம், துணியை எடுத்துவிட்டு அச்சுக் காகிதத்தை வைத்தது.

பாக்கி இருந்தது முதுகுப்பக்கம். சட்டையில் குத்த ஊசி வேண்டும், பற்றவைப்பது செலவு. ஜார்ஜ் ஆடம்ஸ் பெயரில் 1896 ஜூலை 21-ல் கிடைத்த காப்புரிமை இதைத் தீர்த்தது. அந்தக் காலத்துப் பேட்ஜ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே குழிவான வெற்றிடம், சுற்றிலும் உள்பக்கம் மடிந்த உலோக விளிம்பு. அதற்குள் ஒரே கம்பியை வளையமாக வளைத்துச் சொருகியிருப்பார்கள். கம்பியின் ஒரு முனை வளையத்திலிருந்து விலகி, குறுக்கே நீண்டு ஊசியாக நிற்கும். ஈயப்பற்று இல்லை, ஆணி இல்லை. கம்பியின் வளையத்தைக் குழியைவிடச் சற்றுப் பெரிதாக வளைத்திருப்பார்கள். அமுக்கி உள்ளே விட்டதும் அது பழைய அளவுக்கு விரியப் பார்க்கும், விளிம்பு விடாது. அந்த இழுபறிதான் கம்பியைப் பிடித்து வைக்கிறது. எஃகுக் கம்பியை ஓர் எல்லைவரை வளைத்தால் அது திரும்பப் பழைய வடிவத்துக்கு வரும், எல்லை தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். பேட்ஜுக்குள் இருக்கும்வரை கம்பி அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது, அதனால்தான் நூறு வருடம் கழித்தும் பிடி விடவில்லை.

காப்புரிமை ஜூலையில், தேர்தல் நவம்பரில். லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். சிகரெட் கம்பெனிகளும் பாக்கெட்டோடு பேட்ஜ் கொடுக்கத் தொடங்கின. நம் ஊர் மாநாடுகளில் சட்டைப் பைக்கு மேல் குத்தும் தலைவர் படப் பேட்ஜும் இதே வம்சம்தான்.

முன்பக்கத்திலும் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. பேட்ஜின் முகம் தட்டையாக இருக்காது, லேசாக உப்பியிருக்கும். தட்டையான காகிதத்தைச் சுருக்கமே விழாமல் ஓர் உருண்டையின் மேல் போர்த்த முடியாது என்பது 19-ம் நூற்றாண்டில் கணித மேதை கௌஸ் நிறுவிய உண்மையிலிருந்தே வருவது. பூமியின் வரைபடம் எதுவும் நூற்றுக்கு நூறு சரியாக வராததும் இதனால்தான். பேட்ஜ் இந்தச் சட்டத்தை மீறவில்லை, நைசாக ஏமாற்றுகிறது. உப்பல் மிகக் கொஞ்சம் என்பதால் நடுப்பகுதியில் காகிதம் சற்றே இழுபட்டுச் சமாளித்துவிடும். மிச்சமாகும் அத்தனை சுருக்கமும் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, மடிந்து, முதுகுப்பக்கம் ஒளிந்துகொள்ளும்.

இன்று கடையில் கிடைக்கும் கை அழுத்தி இயந்திரமும் இதையேதான் செய்கிறது. இரண்டேகால் அங்குலப் பேட்ஜுக்குக் காகிதத்தை இரண்டேகால் அங்குலத்தில் வெட்டினால் வேலைக்கு ஆகாது, 2.625 அங்குல வட்டம் வேண்டும். கூடுதலாக இருப்பது மடிப்புக்கு. முதல் அச்சில் தகர மூடி, அதன் மேல் படம், அதன் மேல் பிளாஸ்டிக் ஏடு. கைப்பிடியை இழுத்தால் மூன்றும் மேல் அச்சில் ஒட்டிக்கொண்டு எழும். இரண்டாம் அச்சில் ஊசியுள்ள முதுகுத் தகடு காத்திருக்கும். மறுபடி இழுத்தால் தொங்கும் ஓரங்கள் உள்பக்கம் சுருண்டு, முதுகுத் தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பசை ஒரு சொட்டுகூடத் தேவையில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி இன்னொரு முறை வந்தது. படத்தை நேரே தகரத்தில் லிதோ முறையில் அச்சடித்து, வெட்டி, ஓரத்தை மடித்துவிடுவது. காகிதமும் இல்லை, செல்லுலாய்டும் இல்லை, விலை சல்லிசு. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், வண்ணமும் அத்தனை ஆழமாக இராது. சேகரிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள்.

விந்தைப் பேட்ஜுகளில் அறிவியல் அதிகம் ஒளிந்திருப்பது 1952-ல் வந்ததில். ஐசனோவர் போட்டியிட்ட தேர்தல் அது. நியூயார்க் மாநிலம் மவுண்ட் வெர்னனில் இருந்த பிக்டோரியல் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் ஒரு பேட்ஜ் செய்தது. ஒரு கோணத்தில் ‘ஐ லைக் ஐக்’ (எனக்கு ஐக்கைப் பிடிக்கும்; ஐக் என்பது ஐசனோவரின் செல்லப் பெயர்) என்ற எழுத்து, சற்றுச் சாய்த்தால் ஐசனோவரின் முகம். பேட்டரி இல்லை, அசையும் பாகம் இல்லை.

விரல் நகத்தால் அதன் முகத்தைத் தடவினால் வரிவரியாக நெருடும். ஒவ்வொரு வரியும் ஓர் அரை உருளை வடிவ லென்ஸ். அடியில் இருக்கும் படம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் நூல் நூலாக நறுக்கி, எழுத்திலிருந்து ஒரு கீற்று, முகத்திலிருந்து ஒரு கீற்று என்று மாற்றி மாற்றி அடுக்கி அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் கீழே ஒரு ஜோடிக் கீற்று. லென்ஸின் குவியம் சரியாக அடிப்பரப்பில் விழும்படி பிளாஸ்டிக்கின் கனம் இருக்கும். ஆகவே ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஜோடியில் ஒரே ஒரு கீற்று மட்டும் லென்ஸின் முழு அகலத்துக்கும் பெருகித் தெரியும். கோணம் மாறினால் குவியும் இடம் நகர்ந்து மற்றக் கீற்றில் விழும். எல்லா லென்ஸும் ஒரே நேரத்தில் கட்சி மாறுவதால் படம் முழுவதும் சட்டென்று மாறுகிறது. லென்ஸ் வரியும் அச்சுக் கீற்றும் மயிரிழை பிசகினாலும் முகமும் எழுத்தும் குழம்பிவிடும்.

இந்த வரிகள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. நமக்கு இரண்டு கண், பக்கவாட்டில் சற்று இடைவெளியோடு. வரிகள் செங்குத்தாக இருந்தால் இடக்கண்ணும் வலக்கண்ணும் வெவ்வேறு கீற்றைப் பார்க்கும். ஒரே காட்சியை இரு கோணத்தில் எடுத்த படங்களானால் அதுவே முப்பரிமாணத் தோற்றத்தைத் தரும். எழுத்தும் முகமும் போல இரண்டும் வேறு வேறு படமானால் ஒன்றின் மேல் ஒன்று பேய்போலத் தெரியும். வரிகளைக் கிடையாக வைத்தால் இரு கண்ணுக்கும் ஒரே கோணம், ஒரே படம். மேலும் கீழுமாகச் சாய்த்தால் மட்டும் மாறும். லென்ஸ் ஏடு வளைந்தால் கணக்குக் கெட்டுப்போகும் என்பதால் இந்த ரகப் பேட்ஜுக்கு உப்பல் ஆகாது, தட்டை முகமே உகந்தது.

1964-ல் தேர்தலுக்கு வேதியியல் வந்தது. வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர். தங்கத்தின் குறியீடு ஏயூ, தண்ணீர் ஹெச்2ஓ. இரண்டையும் ஒட்டிப் பேட்ஜில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தூங்காதவர்களுக்கு மட்டும் புரியும் பிரசாரம். அதற்கு முந்தைய வருடம் ஹார்வி பால் என்ற ஓவியர், வுஸ்டர் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக 45 டாலர் கூலிக்கு மஞ்சள் சிரிப்பு முகத்தை வரைந்து கொடுத்தார். முதலில் அடித்தது 100 பேட்ஜ். 1970-களின் தொடக்கத்தில் அது கோடிக்கணக்கில் விற்றது. அதனாலேயே சேகரிப்பாளரிடம் அதற்குப் பெரிய விலை இல்லை.

விலை என்றால் 1920. ஜனநாயகக் கட்சி சார்பில் ஜேம்ஸ் காக்ஸ் நின்றார், துணை அதிபர் வேட்பாளர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். கையில் பணமில்லாத பிரசாரம், படுதோல்வி. இருவர் முகமும் சேர்ந்து இருக்கும் பேட்ஜ் மிகச் சொற்பமே அடித்தார்கள். தோற்ற அந்தத் துணை வேட்பாளர் பின்னாளில் நான்கு முறை அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அந்த ஜோடிப் பேட்ஜ் ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டியும் போயிருக்கிறது.

இந்த விலைக்குப் போலி வராமல் இருக்குமா? 1968-ல் கிளீனெக்ஸ், 1972-ல் அமெரிக்கன் ஆயில் ஆகியவை விளம்பரத்துக்காகப் பழைய தேர்தல் பேட்ஜுகளின் நகல்களை வெளியிட்டன. ஏமாற்றும் எண்ணமில்லை, ஓரத்திலேயே பெயர் அச்சடித்திருந்தார்கள். அந்த ஓரத்தைச் சுரண்டி அசல் என்று விற்றவர்கள் வேறு ஆட்கள். 1973-ல் வந்த சட்டம், அரசியல் நினைவுப்பொருள் நகல்களில் தயாரித்த ஆண்டு இருந்தே ஆக வேண்டும் என்றது. ஆண்டைப் பார்க்காமலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த நகல்கள் நேரே தகரத்தில் அடித்த லிதோ ரகம். மெக்கின்லி காலத்துப் படம் காகிதமும் செல்லுலாய்டும் இல்லாமல் வெறும் தகரத்தில் இருந்தால், அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

அசலுக்கு வேறு எதிரி இருக்கிறது. செல்லுலாய்ட் என்பது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த கலவை, வெடிபஞ்சுக்குச் சொந்தக்காரன். கற்பூரம்தான் அதற்கு வளையும் தன்மை தருகிறது. திறந்து வைத்த சூடம் டப்பாவில் கட்டி இளைத்துக்கொண்டே போவதுபோல, பேட்ஜிலிருந்தும் கற்பூரம் வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகும். ஏடு சுருங்கி விரிசல் விடும். இன்னொரு பக்கம் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். தகரம் துருப்பிடிக்கும், காகிதம் பழுப்பேறும், சிதைவும் இன்னும் வேகமெடுக்கும். அருமைப் பொருளாயிற்றே என்று காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் இதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல், வெளியேற வேண்டிய வாயு உள்ளேயே சுற்றும். வெயில் படாத, குளிர்ந்த, ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள அலமாரி போதும். ஏதாவது ஒன்றில் காரமான நெடி அடித்தால், அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வைக்க வேண்டும். அந்த வாயு பக்கத்தில் இருப்பவற்றையும் தின்னும்.