பெரிய டயர் போட்ட ஹைலக்ஸ் இறக்கத்தில் நிற்குமா?

டொயோட்டாவின் பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு 33 அங்குல டயர் போடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அடுத்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, மட்கார்டுல இடிக்குமா?" இடித்தால் கொஞ்சம் வெட்டலாம், தட்டலாம், ஸ்பிரிங்கை உயர்த்தலாம். மலையகத்தில் கராஜ் வைத்திருக்கும் எனக்குக் கவலை வேறு. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு ரம்பொடை வழியாக இறங்கும்போது அந்த வண்டி நிற்குமா?

நான் சொல்லும் பழைய ஹைலக்ஸ் எல்என்106 என்ற மாடல், நல்ல முரட்டு வண்டி. டர்போ இல்லாத 2.8 லீற்றர் டீசல், முன்னாலும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். ஆனால் அதன் கியரும் பிரேக்கும் ஓர் அளவு டயரை மனதில் வைத்துச் செய்தவை.

பழைய அளவான 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீற்றர். 33 அங்குலம் என்றால் 838. அதாவது 14 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68இல் ஓடும். இது சின்ன விஷயம், பழகிவிடும். ஏற்றத்தில் என்ஜின் திணறுவதும் உடனே தெரிந்துவிடும். இறக்கத்தில் நடப்பதுதான் தெரியாது. முன்பு இரண்டாம் கியரில் 30இல் பிடித்து இறக்கிய அதே என்ஜின் வேகத்துக்கு இப்போது வண்டி 34இல் போகும். என்ஜின் பிடிப்பு குறைந்ததை ஈடுகட்ட காலைப் பிரேக்கில் வைப்பீர்கள். அங்கேயும் நஷ்டம்தான். பிரேக் பழையதே, டயரின் ஆரம் மட்டும் நீண்டுவிட்டது. அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. டயரின் சொந்த எடை கூடியது தனிக்கணக்கு.

இதோடு பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பின்பக்கம் குனிந்து பாருங்கள். ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சேஸியில் உள்ள ஒரு வால்வில் முடியும். பாரம் ஏறிப் பெட்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வை அசைத்துப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டும். பெட்டி வெறுமையானால் குறைக்கும். பட்டை ஸ்பிரிங்கைச் சேஸியோடு கோக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால், பாரம் இருந்தாலும் இல்லாத மாதிரித்தான் வால்வு வேலை செய்யும். பின் பிரேக் சோம்பிப்போய், முன் பிரேக் மட்டும் காயும். தூக்கிய அளவுக்குக் கம்பியின் ஆக்சில் பக்கப் பிராக்கெட்டையும் உயர்த்திக் கொடுத்தால் போதும், பெரிய செலவு இல்லை. வால்வையே கழற்றிவிட்டுப் பைப்பை நேராக இணைக்கும் கராஜ்களும் உண்டு. மழை நாளில் வெறும் பெட்டியோடு பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். அப்படிச் செய்து தரச் சொன்னால் நான் செய்வதில்லை.

33தான் வேண்டும் என்றால் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுண் பினியனை மாற்றுங்கள். 4.10 விகிதம் இருந்த இடத்தில் 4.56 அல்லது 4.88. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இதற்குப் பணம் ஒதுக்கவில்லையா? 31 அங்குலத்தோடு நில்லுங்கள், கூடுதல் 7 சதவீதம்தான். அதற்கும் 7 அங்குல அகல ரிம்மாவது வேண்டும். பழைய 6 அங்குல ரிம்மில் திணித்துப் போடுவதைப் பார்க்கிறேன், வேண்டாம். தோட்டத்துச் சேற்றுப் பாதைக்கு என்னைக் கேட்டால் 7.50 ஆர்16 ஒல்லி டயரைத்தான் சொல்வேன். உயரம் ஏறக்குறைய 800 மில்லிமீற்றர் வரும் என்பதால் கியர் கணக்கை அதற்கும் பார்க்க வேண்டும். ஆனால் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும், ஸ்டியரிங்கும் கனக்காது. 12.5 அங்குல அகலம் படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய டயரோடு நான்கு சக்கர இழுவையின் லோ கியரில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். முன் ஆக்சிலின் உள்ளே இருக்கும் மூட்டு உடைவது பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

அப்புறம், நான்கு டயர் வாங்குகிறவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். ஸ்பேர் பழைய அளவில் இருந்தால், அதை மாட்டிய பிறகு நான்கு சக்கர இழுவையைப் போடக் கூடாது. புதிய அளவில் வாங்கினால் பெட்டிக்கு அடியில் உள்ள தாங்கியில் அது அமருமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள்.