தோள் மூட்டு இறங்கிவிட்டதா? யாரையும் இழுக்க விடாதீர்கள்

தோள் மூட்டு இறங்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கிப் பிடித்தபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வருவார். உருண்டையாக இருக்க வேண்டிய தோள் தட்டையாகிப்போய், மேலே எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். கபடியில் விழுந்தவர், பைக்கில் சறுக்கியவர், குளியலறையில் வழுக்கிய பாட்டி என்று எல்லோரும் வருவார்கள்.

எனக்குக் கவலை தருவது அவர்கள் வருவதற்கு முன் நடந்ததுதான். "ஃப்ரெண்டு இழுத்துப் பார்த்தான் டாக்டர், உட்காரல." "எண்ணெய் போட்டு உருவி விட்டோம்."

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மூட்டு விலகியதோடு எலும்பும் உடைந்திருக்கலாம், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக. எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் உடைந்த துண்டும் நகர்ந்துவிடும். தோளின் வெளிப்பக்கத்துக்கு உணர்வு தரும் ஆக்சிலரி நரம்பு தோள் மூட்டை ஒட்டித்தான் சுற்றிப் போகிறது. அதனால்தான் தோளின் வெளிப்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி, "அந்தப் பக்கம் மாதிரியே இங்கேயும் தெரியுதா?" என்று முதலில் கேட்கிறேன். மணிக்கட்டில் நாடி பார்த்து, விரல்களை விரிக்கச் சொல்கிறேன். மூட்டைப் பொருத்திய பிறகும் இதையெல்லாம் மறுபடி பார்ப்பேன்.

பொருத்துவதற்குப் பலம் தேவையில்லை. வலியில் இறுகிய தசை தளர வேண்டும், அவ்வளவுதான். வலிமருந்து கொடுத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவேன். வலித்தால் நிறுத்திவிட்டு, தசை தளர்ந்ததும் தொடர்வேன். பலருக்கு இதிலேயே உட்கார்ந்துவிடும். சிலருக்கு மயக்க மருந்து தேவைப்படும். ஆகவே வரும் வழியில் டீ, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். கையை இருக்கிற நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டி, உடனே கூட்டி வாருங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பொருத்துவது கடினமாகும்.

பெரும்பாலும் எலும்பு முன்பக்கம்தான் விலகும். வலிப்பு வந்தவர், மின்சாரம் தாக்கியவர் ஆகியோருக்குப் பின்பக்கமும் விலகலாம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் அது கண்ணில் படாமல் போய்விடும். கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்றால் வேறு கோணத்திலும் படம் எடுக்க வேண்டும்.

அப்புறம், ஸ்லிங், அதாவது கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பட்டை. வலி போய்விட்டது என்று மறுநாளே கழற்றிவிட்டு மைதானத்துக்குப் போகும் பையன்களுக்குச் சொல்கிறேன்: சின்ன வயதில் இறங்கிய தோள் திரும்பத் திரும்ப இறங்க வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர்கள், வலி குறைந்த பிறகும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.