டயல் கேஜ் சொன்ன 0.25

துளை போடும் மெஷின் ஒன்று. கீழே இருக்கும் டேபிளை ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு சிறு அடி திரும்பும் மோட்டார்) நகர்த்துகிறது. அந்தத் துடிப்பை, அதாவது பல்ஸை, அனுப்புவது மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி. காலையில் துளை சரியான இடத்தில் விழுந்தது. 320 பீஸ் ஓடி முடிந்தபோது டேபிள் 1 மி.மீ. ஒதுங்கியிருந்தது.

ஸ்டெப்பருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று பி.எல்.சி.க்குச் சொல்ல வழியில்லை. அனுப்பிய பல்ஸ் எல்லாம் நகர்வாக மாறியது என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது. அதனால் இடம் தவறினால் நான் புரோகிராமைத் திறப்பதற்கு முன் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) எடுப்பேன். எவ்வளவு தவறியது என்ற எண்ணிலேயே பாதி விடை இருக்கும்.

சாதாரண ஸ்டெப்பரின் ரோட்டாரில் 50 பற்கள். ஒரு பல் நகர 4 ஸ்டெப். ஆக ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒரு ஸ்டெப் 1.8 டிகிரி. சுமை தாங்காமல் ரோட்டார் பிடியை விட்டால், நினைத்த இடத்தில் அதனால் நிற்க முடியாது. வேறொரு பல்லுக்குத் தாவித்தான் மறுபடி பிடித்துக்கொள்ளும். எனவே தவறுவது நான்கு நான்கு ஸ்டெப்பாக. இந்த டேபிளின் ஸ்க்ரூ பிட்ச் (ஒரு சுற்றுக்கு டேபிள் நகரும் தூரம்) 5 மி.மீ. என்பதால் ஒரு தாவல் 0.1 மி.மீ.

1 மி.மீ. என்றால் பத்துத் தாவல். கணக்கு பொருந்தியதால் மோட்டார் பிடி விடுகிறது என்றே நினைத்தேன். அதற்கு வழக்கமான காரணம், நின்ற நிலையிலிருந்து எடுத்த எடுப்பில் வேகமான பல்ஸ் கொடுப்பது. மோட்டார் உறுமும், நகராது. வேகம் கூடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: சுருளில் மின்னோட்டம் ஏறி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும், இழுவை குறையும். டிரைவர் (பல்ஸை வாங்கி மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் பெட்டி) தாங்கும் வரம்புக்குள் சப்ளை வோல்டேஜைக் கூட்டினால் இது சரியாகும். நான் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன். பலன் இல்லை.

அப்புறம்தான் இடையிடையே அளந்தேன். 80 பீஸில் 0.25. 160 பீஸில் 0.50. 0.25 என்பது 0.1இன் மடங்கு இல்லை! மோட்டார் மேல் குற்றமில்லை என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. மோட்டார் ஷாஃப்ட்டை டேபிளின் ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கில் பிடிப்பு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலோ, இன்வெர்ட்டர் கேபிளிலிருந்து மின் இரைச்சல் ஏறியிருந்தாலோ தவறு இவ்வளவு ஒழுங்காக வளராது. (கப்ளிங் மேலும் ஷாஃப்ட் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு விலகவே இல்லை.)

டிரைவர் 1/16 மைக்ரோஸ்டெப்பில், அதாவது ஒரு ஸ்டெப்பை 16 ஆகப் பிரிக்கும் அமைப்பில், இருந்தது: சுற்றுக்கு 3200 பல்ஸ், மி.மீ.க்கு 640. 80 பீஸில் 0.25 மி.மீ. என்றால் 160 பல்ஸ். பீஸுக்குச் சரியாக இரண்டு. ஒரு பல்ஸ் எதிர்த்திசையில் போனால் வரும் பிழை இரண்டு பல்ஸ். புரோகிராமில் திசை சிக்னலும் பல்ஸும் ஒரே நேரத்தில் கிளம்பின. டிரைவருக்கோ முதல் பல்ஸ் வருவதற்குச் சில மைக்ரோ விநாடிகள் முன்பே திசை நிலைத்திருக்க வேண்டும். பி.எல்.சி.யின் டிரான்சிஸ்டர் அவுட்புட் ஆன் ஆவதைவிட ஆஃப் ஆக அதிக நேரம் எடுக்கும். அதனால் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் முதல் பல்ஸ் பழைய திசையிலேயே போய்விட்டது. இரு பக்கமும் தவறியிருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

மோட்டார் அசையவே இல்லை என்றால் அது வேறு கதை, பெரும்பாலும் வயரிங். பி.எல்.சி. தருவது 24 வோல்ட். டிரைவரின் இன்புட் 5 வோல்ட்டுக்கானது என்றால் நடுவில் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ரிலே (உள்ளே தொடுமுனை அசைந்து திறந்து மூடும் சுவிட்ச்) அவுட்புட்டில் பல்ஸ் கொடுக்க முயலவே கூடாது. லேடரிலேயே (பி.எல்.சி. புரோகிராமில்) சாதாரண அவுட்புட்டை ஒரு ஸ்கேனில் ஆன், அடுத்ததில் ஆஃப் செய்தாலும், ஸ்கேன் (புரோகிராம் ஒருமுறை ஓடி முடியும் நேரம்) 10 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு 50 பல்ஸ்தான் கிடைக்கும். சுற்றுக்கு 3200 பல்ஸ் கேட்கும் மோட்டார் நிமிடத்துக்கு ஒரு சுற்றுகூடச் சுற்றாது. அதற்கென்று இருக்கும் அதிவேகப் பல்ஸ் அவுட்புட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் டேபிளுக்குத் திசை மாறியதும் பல்ஸ் கிளம்பும் முன் காத்திருக்க 10 மில்லி விநாடி டைமர் ஒன்று போட்டேன். மறுபடி 320 பீஸ் ஓட்டி கேஜை வைத்தபோது முள் பூஜ்யத்தில் நின்றது.