ஒரு காது மட்டும் அடைத்தால் சொட்டு மருந்து எழுதாதீர்கள்

மறுபடியும் அதே கதை. காலையில் எழுந்தவருக்கு இடது காது கேட்கவில்லை, உள்ளே ‘ஙொய்’ என்று இரைச்சல். முதலில் பார்த்தவர் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்து பார்த்தவர் சளியால் அடைத்திருக்கிறது என்று ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார். எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) அந்தக் காதின் கோடு அடிமட்டத்தில் கிடக்கிறது. “அழுக்கு இருந்ததா?” என்று கேட்டால், “காதுக்குள்ள யாரும் பார்க்கவே இல்ல டாக்டர்” என்கிறார்.

மருத்துவ மாணவர்களே, இது உங்களுக்குத்தான். ஈ.என்.டி. போஸ்டிங்கை உங்களில் பாதிப் பேர் ஓய்வு வாரமாக நினைக்கிறீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். வராவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: காது, மூக்கு, தொண்டை எதுவானாலும், தொல்லை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு எதையும் எழுதாதீர்கள்.

முதலில் அந்த அழுக்கு விவகாரம். குரும்பி, அதாவது காது அழுக்கு, இருப்பது நோயல்ல; காது தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது அது. காதுக் குழாயை அது முழுசாக அடைத்தால்தான் கேட்கும் திறன் குறையும். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலே ஒலி போய்விடும். ஆகவே ஓட்டோஸ்கோப்பில் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) கொஞ்சம் குரும்பியைப் பார்த்துவிட்டு ‘காரணம் கிடைத்தது’ என்று நிறுத்தாதீர்கள். செவிப்பறை தெரிகிறதா? தெரிந்தால் அவருக்குக் காது கேட்காததற்குக் குரும்பி காரணமில்லை. முழுசாக அடைத்திருந்ததா? சரி, எடுங்கள். எடுத்த பிறகு கேட்கிறதா என்று சோதியுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அழுக்கு வெளியே வந்த திருப்தியிலேயே நோயாளியை அனுப்பிவிடுகிறார்கள்.

‘மூக்கடைப்பு இருக்கிறதே, அதனால்தான்’ என்பதும் இதே சோம்பலின் இன்னொரு வடிவம். சளியால் நடுக்காதில் நீர் கோத்தாலும் காது அடைக்கும், உண்மைதான். நரம்பு பாதித்தாலும் நோயாளி ‘அடைச்ச மாதிரி இருக்கு’ என்றுதான் சொல்வார். அவர் வாயிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி வரும். பிரித்துப் பார்க்க வேண்டியது நீங்கள்.

அதற்கு 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவை) ஒன்று போதும். 1711இல் ஜான் ஷோர் என்ற எக்காளக் கலைஞர் உருவாக்கிய கருவி அது. இத்தனை காலம் கழித்தும் இதைவிட வேகமான சோதனை எங்களிடம் இல்லை. தட்டி, நெற்றி நடுவில் வையுங்கள். இதுதான் வெபர் சோதனை. ஒலி அடைத்த காதில் சத்தமாகக் கேட்டால் கடத்தல் குறைபாடு, அதாவது ஒலி உள்ளே போகும் வழியில் கோளாறு: குரும்பி, நீர், செவிப்பறையில் ஓட்டை ஏதோ ஒன்று. நல்ல காதுக்குப் போனால் நரம்புக் குறைபாடு. ஃபோர்க் கையில் இல்லையா? வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லி, எந்தக் காதில் அதிகமாகக் கேட்கிறது என்று கேளுங்கள். தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

ஃபோர்க்கைக் காதருகிலும் காதின் பின்னெலும்பிலும் மாறி மாறி வைத்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பது ரின்னி சோதனை. அதை மட்டும் செய்து ஏமாறாதீர்கள். அடியோடு செத்த காதின் பின்னெலும்பில் ஃபோர்க்கை வைத்தால், ஒலி மண்டையோடு வழியே மறுபக்கத்து நல்ல காதுக்குப் போய்விடும். நோயாளி ‘பின்னால் வைக்கும்போதுதான் கேட்கிறது’ என்பார். நீங்கள் ‘ரின்னி நெகட்டிவ், கடத்தல் குறைபாடு’ என்று எழுதி மறுபடி சொட்டு மருந்துக்கே போவீர்கள். உடனே வெபர் செய்தால் குட்டு உடைந்துவிடும். தேர்வில் இதைச் சரியாகச் சொல்பவர்கள் வார்டில் ஏன் மறக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

3 நாளுக்குள், அடுத்தடுத்த 3 அதிர்வெண்களில் 30 டெசிபலாவது குறைந்தால் அது திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு. இது அவசரம். வலி இல்லை, ரத்தம் இல்லை என்பதால் அவசரமில்லாததுபோலத் தெரியும். வழக்கமான சிகிச்சை ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி., நாளுக்கு 60 மி.கி.க்கு மிகாமல். முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நடுக்காதுக்குள் ஊசியாகவும் போடலாம். செவி நரம்பில் கட்டி இல்லை என்று பின்னர் எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று: கணிசமானவர்களுக்கு இது தானாகவே ஓரளவு தேறிவிடும். சொட்டு மருந்துக்கு நல்ல பெயர் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

மற்ற ‘ஒரு பக்க’ சங்கதிகள். குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் வரை அப்படித்தான். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே திசு வெந்து, நடுத்தண்டில் (இரு நாசிகளையும் பிரிக்கும் சுவர்) ஓட்டை விழும். தயவுசெய்து அந்த மூக்கில் சொட்டு எதுவும் விடாதீர்கள், ஈரம் பட்டால் அரிப்பு கூடும். பெரியவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்து வடியாமல் இருந்தால் மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப்பில் பார்க்காமல் விடக்கூடாது, அங்கே புற்றுநோய் இருக்கலாம். ஒரு டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் அதற்கும் இதே எச்சரிக்கை.

விலக்கும் உண்டு. மூக்கில் அடிபட்ட பிறகு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால் நிம்மதியடையாதீர்கள். நடுத்தண்டில் ரத்தம் கட்டியிருக்கலாம். தொட்டால் மெத்தென்று அமுங்கும் வீக்கம் அது. அன்றே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு செத்து மூக்கு அமுங்கிவிடும். ‘வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது எலும்பு முறிவுக்குச் சரி, இதற்கு இல்லை.

அப்புறம், எங்களுக்கு அனுப்பும் கடிதம். ‘காது அடைப்பு, ஆவன செய்யவும்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தக் காது, எந்தத் தேதியில் தொடங்கியது, செவிப்பறை தெரிந்ததா, வெபர் எந்தப் பக்கம் போனது, தலைசுற்றல் உண்டா என்று இரண்டு வரி எழுதுங்கள். வெபர் நல்ல காதுக்குப் போயிருந்தால் ‘இன்றே பார்க்கவும்’ என்று மேலே பெரிதாக எழுதி, நோயாளி கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.