பயனுறுதிறன்: மோட்டார் நேம்பிளேட்டில் உள்ள அந்தச் சதவீதம்

தொழிற்சாலை மோட்டாரின் நேம்பிளேட்டில் ‘எஃபிஷியன்சி’ என்று ஒரு சதவீதம் இருக்கும். இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பயனுறுதிறன்’ என்கின்றன, இலங்கையில் ‘வினைத்திறன்’. செய்திகளில் வரும் ‘செயல்திறன்’ மோட்டாருக்குப் பொருந்தாது. அது நன்றாக இயங்குவதையெல்லாம் பொதுவாகக் குறிக்கும், அளவைக் குறிக்காது.

ஆங்கிலச் சொல்லின் வேர், செய்து முடித்தல் என்று பொருள்படும் ‘எஃபிகெரே’ என்ற லத்தீன் வினை. 19ஆம் நூற்றாண்டில் எந்திரங்களைக் கணக்கிட்ட பொறியாளர்கள் கையில் அது விகிதமாயிற்று. பயன் + உறு + திறன்: கொடுத்ததில் பயனாய் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதே பொருள். மீதி காயிலிலும் சுழலும் ரோட்டரிலும் இரும்புக் கோரிலும் பேரிங்கிலும் விசிறியிலும் வெப்பமாகப் போகிறது.

நேம்பிளேட்டில் ‘15 கிலோவாட்’ என்றிருந்தால் அது ஷாஃப்ட்டில் கிடைக்கும் திறன், மின்கம்பியிலிருந்து இழுப்பது அல்ல. நான்கு துருவ மோட்டாரில் ஐ.இ.1 தரத்துக்கு (ஐ.இ. என்பது சர்வதேசப் பயனுறுதிறன் வகுப்பு; எண் கூடக் கூடத் தரம் கூடும்) 88.7 சதவீதம், ஐ.இ.3க்கு 92.1. முழுச் சுமையில் முதலாவது 16.9 கிலோவாட் இழுக்கும், இரண்டாவது 16.3. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் சுமார் 3,700 யூனிட். இந்தத் தர வகுப்புகளை இந்தியாவில் ஐ.எஸ். 12615 வரையறுக்கிறது.

திறன் காரணி (பவர் ஃபேக்டர்) வேறு. இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலைக்கு ஆகும் கிலோவாட்டின் பங்கு அது. கெபாசிட்டர் போட்டால் சப்ளையிலிருந்து பேனலுக்கு வரும் கரண்ட் குறையும், கே.வி.ஏ. டிமாண்ட் (பில்லில் வரும் உச்சத் தேவை) இறங்கும். மோட்டாருக்குள் நடக்கும் இழப்பு அப்படியேதான் இருக்கும்.

எரிந்த மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும்போதுதான் சதவீதம் சத்தமில்லாமல் இறங்குகிறது. பழைய காயிலை டார்ச் வைத்து எரித்தால் கோர் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சு கெட்டுப்போகும். தகடுகளுக்குள் சுற்றி வெப்பமாகிற சுழல் மின்னோட்டம் கூடும். வெப்பக் கட்டுப்பாடுள்ள அடுப்பில் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் எரிக்கச் சொல்லுங்கள். கம்பி கேஜும் சுற்று எண்ணிக்கையும் பழையபடி இருக்க வேண்டும்; மெல்லிய கம்பி போட்டால் தாமிர இழப்பு ஏறும். திரும்பி வந்ததும் சுமையில்லாமல் ஓட்டி, ஆம்பியரையும் வாட்டையும் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். ஆம்பியர் மாறாமல் வாட் மட்டும் ஏறியிருந்தால் முதலில் கோரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐ.இ.3 மாற்றியும் பில் குறையவில்லை என்ற புகாருக்குப் பல இடங்களில் காரணம் வேகம். பயனுறுதிறன் கூடிய மோட்டாரில் ஸ்லிப், அதாவது சுழலும் காந்தப்புலத்துக்கு ரோட்டர் பின்தங்கும் அளவு, பொதுவாகக் குறைவு. பழையது 1,440 ஆர்.பி.எம்.மில் ஓடியிருக்கும், புதியது 1,470இல் ஓடும். மையவிலக்கு விசிறிக்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், இந்த 2 சதவீத வேகமே 6 சதவீதம் அதிகச் சுமையாகிவிடும். மாற்றியதில் வந்த லாபத்தை அது விழுங்கிவிடும். பெல்ட் ஓட்டமென்றால் 200 மில்லிமீட்டர் மோட்டார் புல்லியை 196ஆக்கினால் விசிறி பழைய வேகத்துக்கு வந்துவிடும். கப்ளிங்கில் நேராக இணைத்த பம்புக்கு நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து விட்டத்தைக் குறைக்க வேண்டும். தேவை நேரத்துக்கு நேரம் மாறுகிற இடத்தில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி. சரி, ஆனால் அதுவும் தன் பங்குக்கு 2 முதல் 4 சதவீதம் தின்னும், கணக்கில் அதைக் கழித்தே பாருங்கள்.