ஸ்டீராய்டு மாத்திரை: பில் எங்கே ஏறுகிறது?

"இதே மருந்து அந்தக் கடையில கம்மியாமே?" என்று அட்டையை நீட்டிக் கேட்பவர்கள் எங்கள் மருந்துக் கடைக்கு அடிக்கடி வருகிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொறுத்தவரை, கடைக்குக் கடை பார்ப்பதில் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை.

பிரெட்னிசோலோனை எடுத்துக்கொள்வோம். ஆஸ்துமா, முடக்குவாதம், குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிறுநீரக நோய் என்று பலவற்றுக்கும் எழுதப்படும் பழைய மருந்து. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால், 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இதற்கு உச்சவரம்பு விலை உண்டு. 5 மி.கி. மாத்திரை ஒன்று ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். ஒரு கம்பெனி அட்டையில் 10 மாத்திரை, இன்னொன்றில் 15. அட்டை விலையை வைத்து மலிவு என்று முடிவு கட்டினால் கணக்குத் தப்பும். மாத்திரைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் பைசாக்கள்தான். ஆன்லைனில் 20 சதவீதத் தள்ளுபடி வாங்கி, மருந்து விலைக்கு மேல் டெலிவரி கட்டணம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

பில் எகிறுவது சீட்டில் டெஃப்லாசகார்ட் என்ற இன்னொரு ஸ்டீராய்டு இருக்கும்போது. இது அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. உச்சவரம்பு கிடையாது, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்றக் கூடாது, அவ்வளவுதான். 6 மி.கி. டெஃப்லாசகார்ட்டும் 5 மி.கி. பிரெட்னிசோலோனும் ஏறக்குறைய சம வீரியம். விலையோ பல மடங்கு. டூசென் தசைச்சிதைவு போன்ற நோய்களில் டெஃப்லாசகார்ட்டுக்குத் தனி இடம் உண்டு, மறுக்கவில்லை. ஐந்து நாள் அலர்ஜிக்கும் அதுவேதான் வேண்டுமா? டாக்டரிடமே "பிரெட்னிசோலோன் போதுமா சார்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். கேட்டுவிட்டு வந்தவர்களில் பலருக்கு மாற்றி எழுதித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்களாக மாற்றித் தர முடியாது. இவை ஷெட்யூல் எச் மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம். சீட்டில் உள்ள பிராண்டுக்குப் பதிலாக, அதே மருந்துள்ள வேறு பிராண்டைக்கூடத் தரக் கூடாது என்கிறது மருந்து விதி 65. (நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.) அதனால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்க நினைப்பவர்கள், சீட்டில் பிராண்டுக்குப் பதில் ஜெனரிக் பெயரை, அதாவது மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லிவிடுங்கள்.

கடை மாறினால் மில்லிகிராமையும் பாருங்கள். "காலையில ரெண்டு" என்று மனப்பாடமாக இருப்பவர் கைக்கு 5 மி.கி.க்குப் பதில் 20 மி.கி. அட்டை வந்தால் டோஸ் நான்கு மடங்கு. படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எல்லாவற்றிலும் மலிவானது, மூட்டுவலிக்கென்று சீட்டே இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் உதிரி மாத்திரை. அதில் பலசமயம் டெக்ஸாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும்; அதன் 0.75 மி.கி. 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். வலி உடனே விடும், பசியும் எடுக்கும். மாதக்கணக்கில் தின்ற பிறகு முகம் உப்பி, சர்க்கரை ஏறி வருவார்கள். அப்போதும் சட்டென்று நிறுத்தக் கூடாது; உடம்பு தானே சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசோல் படுத்துப்போயிருக்கும், ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். அட்டையும் பேட்ச் எண் போட்ட பில்லும் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தால், மிச்சமிருக்கும் பொட்டலத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.